புதுப்பிப்பு: அமோனியா குறையாத என் கடல்நீர்த் தொட்டி

கடந்த தை மாதத்தில், திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலிருந்து கொண்டுவந்த நீரை நிரப்பிய எனது 200 லீற்றர் தொட்டியில், மீன்களுக்கு நஞ்சான அமோனியா குறையவில்லை என்றும், இரண்டு கோமாளி மீன்கள் இறந்துவிட்டன என்றும் எழுதி, காரணம் கேட்டிருந்தேன்.

மாரிகாலத்தில் மகாவலி கங்கை அந்தக் குடாவில் பெருமளவு நன்னீரைச் சேர்ப்பதால், நான் எடுத்த நீரின் தன்னீர்ப்பு (நன்னீருடன் ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவைக் காட்டுவது) 1.018 மட்டுமே இருந்தது. முருகைக்கற்பாறை உயிரினங்களுக்கு அது 1.025 அளவில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் பெருகுவதற்கு முன்பே மீன்களை விட்டதுதான். அந்த இரு உயிர்களும் என் அவசரத்தால் போயின என்பது இன்னும் மனதை வருத்துகிறது.

பின்னர் செயற்கைக் கடலுப்பும் உலர்ந்த பாறையும் இட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை ஆறு வாரங்கள் மீனின்றிக் காத்திருந்தேன். இப்போது, கடலில் பிடிக்கப்படாமல் வளர்ப்போரின் தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒரு சோடிக் கோமாளி மீன்கள் என்னிடம் நலமாக இருக்கின்றன.

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நீர் வேகமாக ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை என்பதால், குறையும் அளவுக்கு வடிகட்டிய நன்னீரையே தினமும் சேர்க்கிறேன்; மின்விசிறியொன்று நீரை 27 பாகையில் வைத்திருக்கிறது.

நிலாவெளியிலிருந்து முருகைக்கல் எடுத்துவரலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டைக்கூட நான் எடுக்கமாட்டேன்.