மறுமொழி: சமவாய்ப்புச் சொல்லா, புனைசொல்லா?

> கணக்குப் பாடநூலில் random என்பதற்குச் சமவாய்ப்பு இருக்கிறதே, ‘சமவாய்ப்புச் சொல்’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா.

எழுத்துகளைக் கோத்துக் கணினி நிரல் தானாகக் கட்டும் சொல்லுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பேன். நிரல் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். காரைக்குடி வகுப்பில் நம்மூர்ச் சொற்கள் மூன்றை மட்டும் அதற்குக் கொடுத்தோம்: கண்டாங்கி, பட்டாலை, கொட்டான். எந்த எழுத்தை அடுத்து எது வருகிறது என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘டா’வை அடுத்து ‘ங்’, ‘லை’, ‘ன்’ மூன்றும் வரலாம். குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்து ஒட்டுகிறது. கண்டாலை, பட்டாங்கி, கொட்டாலை என்று வந்து விழுகின்றன. பொருள் கிடையாது. ஆனால் வளவுக்குள் ஓர் ஆச்சி சொன்னால் நம்பிவிடுவோம்!

இப்போது தட்டான், மாட்டான் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘டா’வுக்குப் பின் ‘ன்’ வரும் வாய்ப்பு ஐந்தில் மூன்றாகிவிடும். சமம் எங்கே இருக்கிறது? 1913-இல் கணித அறிஞர் மார்க்கோவ் ஒரு ரஷ்யக் கவிதையின் 20,000 எழுத்துகளை எண்ணிக் காட்டியதும் இதைத்தான்: அடுத்த எழுத்தின் வாய்ப்பு முந்தைய எழுத்தைப் பொறுத்தது. random என்பதற்கு ஈழத்துப் பாடநூல்கள் சொல்லும் ‘எழுமாறு’ இந்தச் சிக்கலில் மாட்டாது. ஆனாலும் அது எடுக்கும் முறையைச் சொல்கிறதே தவிர, கிடைக்கும் சொல்லைச் சொல்லவில்லை.

‘போலிச்சொல்’ ஆகாது. முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது.

என் பரிந்துரை ‘புனைசொல்’. புனைகதை, புனைபெயர் பழகிய காதுக்கு விளக்கமே வேண்டாம். வினைத்தொகை வேறு: புனைந்த சொல், புனைகின்ற சொல், புனையும் சொல். நிரலுக்கு ‘புனைசொல் ஆக்கி’.

ஒரு வரையறையும் வேண்டும். அதே மூன்று சொல்லிலிருந்து ‘கண்டான்’ என்றும் வரும். அது நல்ல தமிழ் வினைமுற்று, புனைசொல் அல்ல. அகராதி கொண்டு மட்டும் இதை வடிகட்ட முடியாது, வினைமுற்றுகளையும் சோதிக்க வேண்டும். அப்புறம், எழுத்தெழுத்தாகப் பிரிக்காமல், கணினி எழுத்தைச் சேமிக்கும் யுனிகோடு குறிகளாகப் பிரித்துக் குலுக்கினால், ‘கொ’வின் கொம்பும் காலும் மெய்யில்லாமல் சொல்லின் தலையில் வந்து நிற்கலாம். அதைச் சொல் என்றே சொல்ல முடியாது. ‘ழ’வில் தொடங்குவதும் அப்படித்தான், தொல்காப்பியர் மொழிமுதலில் அதை விடவில்லை. ஆக: தமிழ் எழுத்தமைப்புக்கு இசைந்து, வழக்கில் இல்லாததாய், நிரல் கட்டியது புனைசொல்.

இசையாமல் விழும் குப்பைக்கும் தனிப்பெயர் வேண்டுமா? நீங்கள் ஒன்று சொல்லுங்கள், பாடக்குறிப்பில் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.