மாஸி 1035: டைமிங் கவர் கேஸ்கட் மாற்றியும் ஆயில் கசிவு நிற்கவில்லை, உதவி தேவை

பாலக்கோடு உழவு:
வணக்கம்ங்க. வண்டி மாஸி பெர்குசன் 1035 டிஐ டிராக்டர், சிம்ப்சன் 3 சிலிண்டர் என்ஜின், டிபிஏ ரோட்டரி டீசல் பம்ப். முன்பக்க டைமிங் கவரில் (டைமிங் கியர்களை மூடும் மூடி) ஆயில் கசிஞ்சதுன்னு ஆடி மாசம் பட்டறையில் கேஸ்கட், முன் ஆயில் சீல் ரெண்டும் புதுசு போட்டாங்க. கொஞ்ச நாள் காய்ஞ்சு இருந்தது. இப்போ மறுபடி கிராங்க் புல்லிக்கு அடியில் சொட்டுது. டிராலி இழுத்தா அவ்வளவா இல்லை, ரோட்டவேட்டர் ஓட்டினா சம்ப் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) முழுக்க நனைஞ்சு செம்மண் அப்பிக்குது. தக்காளி நடவுக்கு நிலம் தயார் பண்ணணும். திரும்ப கேஸ்கட் மாற்றினால் சரியாகுமா? முன் அச்சைப் பிரிக்கிற வேலை, அடிக்கடி செய்ய முடியாது.

காரிமங்கலம் டீசல்:
தம்பி, இப்போதைக்கு ஸ்பேனரை எடுக்காதீங்க. டிராலியில் வராத கசிவு ரோட்டவேட்டரில் வருதுன்னா, லோடு ஏறும்போது கிராங்க்கேஸுக்குள்ள (கிராங்க் சுழலும் கூட்டுக்குள்ள) காற்றழுத்தம் கூடுதுன்னு சந்தேகப்படணும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் புகை பிரீத்தர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியா வெளியே போகணும். அந்த வழி அடைச்சா, ஆயிலைத் தள்ளிக்கிட்டு சீல் உதட்டு வழியா வரும். அப்போ எத்தனை கேஸ்கட் போட்டாலும் நிற்காது.

ராக்கர் கவரிலிருந்து கீழே இறங்கும் பிரீத்தர் குழாயைக் கழற்றி டீசலில் கழுவிப் பாருங்க. நம்ம பக்கத்து செம்மண் தூசி ஆயில் ஆவியோட சேர்ந்து குழாய் முனையில் கெட்டியா உறைஞ்சிருக்கும். அப்புறம் என்ஜின் நல்லா சூடானதும் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழா அந்த வாய் மேலேயே வையுங்க. லேசா அதிர்ந்தா பரவாயில்லை. துள்ளி விழுந்தா ரிங் தேய்மானம் பற்றி யோசிக்கணும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுதா? டிபிஏ பம்ப்பின் டிரைவ் ஷாஃப்ட் சீல் போனா டீசல் நேரா டைமிங் கேஸுக்குள்ள இறங்கி ஆயிலில் கலக்கும். நீர்த்த ஆயில் எந்த இடுக்கிலும் வெளியேறும். அதைவிட ஆபத்து பேரிங்குக்கு. ஒரு சொட்டு ஆயிலை செய்தித்தாளில் விடுங்க. கறுப்பு வட்டத்தைச் சுற்றி எண்ணெய்ப் பசையா வெளிறின வளையம் அகலமா பரவினாலோ டீசல் வாடை வந்தாலோ முதலில் பம்ப்பைக் கவனிங்க.

அரூர் பிட்டர்:
அண்ணன் சொன்னதோட இன்னொன்று. எங்கிருந்து கசியுதுன்னு கண்ணால் பார்க்கணும். ஃபேன் காற்று ஆயிலை எல்லாப் பக்கமும் அடிச்சுப் பரப்பிடும், நனைஞ்ச இடமெல்லாம் கசியும் இடம்னு தோணும். முன்பக்கத்தை டீசலில் கழுவி, சோப்புத் தண்ணி விட்டு, துணியால் ஈரம் போகத் துடைச்சுட்டு, கவர் ஓரம் முழுக்க முகப்பவுடர் தூவுங்க. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிட்டு ஐடிலில் 3, 4 நிமிஷம் மட்டும் ஓட்டுங்க. தண்ணி பம்ப் சுழலாது, அதுக்கு மேல ஓட்டினா என்ஜின் சூடேறிடும். டார்ச் அடிச்சுப் பார்த்தா வெள்ளையில் கறுப்புக் கோடு இறங்குற இடம் தெரியும். கவர் சேரும் ஓரமா, புல்லிக்குப் பின்னால சீலா, இல்லை பிளாக்குக்கும் டைமிங் கேஸுக்கும் நடுவில் இருக்கும் பின் கேஸ்கட்டா? பின் கேஸ்கட்னா வேலை பெருசு, கியரெல்லாம் கழற்றணும்.

பாலக்கோடு உழவு:
பார்த்துட்டேன்ங்க. பிரீத்தர் முனை விரல் நுழையாத அளவுக்கு அடைச்சிருந்தது, கழுவிட்டேன். மூடி இப்போ துள்ளலை, ஆடுது. ஆயில் மட்டம் ஏறலை, டீசல் வாடையும் இல்லை. பவுடரில் கோடு புல்லிக்குப் பின்னாலதான் ஆரம்பிக்குது, கவர் ஓரம் காய்ஞ்சு இருக்கு.

காரிமங்கலம் டீசல்:
அப்போ கேஸ்கட் மேல குற்றம் இல்லை. சீல்தான். புது சீல் சீக்கிரம் போகக் காரணம் மூணு: அழுத்தம், புல்லியில் பள்ளம், கவர் நடுவில் உட்காராதது. முதலாவதை முடிச்சுட்டீங்க. கொஞ்சம் ஓட்டிப் பாருங்க, கசிவு நின்னா பிரிக்கவே வேண்டாம். நிற்கலைன்னா மற்ற ரெண்டையும் பார்க்கணும்.

ஓசூர் லேத்:
புல்லியைப் பற்றி நான் சொல்றேன். சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தை நெடுக்கில் ஓட்டுங்க. நகம் தட்டினா அந்தப் பள்ளத்தில் எந்த சீலும் நிற்காது. எமரி தாளால் தேய்ச்சா விட்டம் குறைஞ்சு இன்னும் கெடும். புதுப் புல்லி போடுறது நல்லது. கிடைக்கலைன்னா அந்த விட்டத்துக்கான மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். பள்ளம் ஒரே கோடா இருந்தா, கவரில் இடம் இருக்கும் பட்சத்தில் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைச்சாலும் உதடு புது இடத்தில் ஓடும். புல்லியைக் கழற்ற புல்லர் போடுங்க, விளிம்பில் சுத்தியால் அடிச்சா வார்ப்பு உடையும். புல்லியை கிராங்க்கில் பூட்டும் சாவிக்கட்டையைத் தொலைச்சுடாதீங்க.

அரூர் பிட்டர்:
கவரை நடுவில் உட்கார வைக்கிறதுதான் பலர் விடுற இடம். கவர் போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எல்லா போல்ட்டையும் முறுக்கிட்டு அப்புறம் புல்லியை அடிச்சு ஏற்றினா, சீல் ஒரு பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் தளர்வா நிற்கும். நசுங்கின பக்கம் தேயும், தளர்ந்த பக்கம் கசியும்.

சரியான முறை: போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்க. சீல் உதட்டிலும் புல்லிக் கழுத்திலும் என்ஜின் ஆயில் தடவி, புல்லியைச் சுழற்றிக்கிட்டே உள்ளே தள்ளுங்க. கவர் தானா நடுவுக்கு வரும். அப்புறம் எதிரெதிரா ரெண்டு சுற்றில் முறுக்குங்க. 5/16 அங்குல போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் போதும். கவருக்கு அடியில் சம்ப்பிலிருந்து வரும் போல்ட்டுகளைக் கடைசியில் முறுக்கணும், முன்னாடியே முறுக்கினா கவர் கீழே இழுபடும்.

சீல் வாங்கும்போது பழைய சீலில் அடிச்சிருக்கும் அளவைப் பாருங்க. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணும் ஒத்துப்போகணும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் என்ஜினுக்குள்ள பார்க்கணும். அம்புக்குறி இருந்தா கிராங்க் சுழலும் திசைக்கு ஒத்திருக்கணும். கறுப்பு நைட்ரைலைவிட வைட்டன் சூடு நல்லா தாங்கும், விலை கூட.

பாலக்கோடு உழவு:
கேஸ்கட்டுக்கு ரெண்டு பக்கமும் சிலிக்கான் தடவலாமாண்ணா? போன தடவை தாராளமா போட்டிருந்தாங்க.

காரிமங்கலம் டீசல்:
வேண்டாம் தம்பி. பிதுங்கி உள்ளே விழும் சிலிக்கான் சம்ப்பில் ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயிலை வடிகட்டும் வலை) அடைக்கும், ஆயில் பிரஷர் இறங்கும். காகித கேஸ்கட்டை காய்ஞ்ச, சுத்தமான முகத்தில் அப்படியே போடலாம். கவரும் கேஸும் சம்ப்பும் சந்திக்கும் ரெண்டு மூலையில் மட்டும் பட்டாணி அளவு வையுங்க. போன தடவை தாராளமா போட்டிருந்தா, இந்தத் தடவை சம்ப்பையும் இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்த்துடுங்க.

பழைய கேஸ்கட்டைச் சுரண்ட மரச்சீவலோ பிளாஸ்டிக்கோ எடுங்க. உளி அலுமினியத்தில் கீறல் போடும். கவரைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைச்சு ஆடுதான்னு பாருங்க. உட்புறம் கேம்ஷாஃப்ட்டுக்கு எதிரே இலை ஸ்பிரிங் இருந்தா ரிவெட் தளர்ந்திருக்கான்னும் பாருங்க. கவர் மட்டும் கழற்றினா டைமிங் மாறாது. கியர் குறிகள் நேருக்கு நேர் நிற்கலைன்னு பயப்படாதீங்க, ஐட்லர் கியர் நடுவில் இருக்கிறதால ஒவ்வொரு சுற்றிலும் குறிகள் சேராது.

அச்சைப் பிரிக்கும் முன் அச்சுக்கும் சப்போர்ட்டுக்கும் நடுவில் ரெண்டு பக்கமும் மரஆப்பு அடிச்சுடுங்க, இல்லைன்னா முன்பகுதி சாயும். வண்டியை கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீங்க.

பாலக்கோடு உழவு:
ரொம்ப நன்றிங்கண்ணா. பிரீத்தர் கழுவினதுக்கு அப்புறம் ரோட்டவேட்டர் ஓட்டிப் பார்த்தேன். சொட்டு குறைஞ்சிருக்கு, நிற்கலை. புல்லியைக் கழற்றித்தான் பார்க்கணும்.

ஓசூர் லேத்:
கழற்றும்போது புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. கிராங்க் முனையே எழும்பினா முன் மெயின் பேரிங் தேய்ஞ்சிருக்கு, சீலுக்கு முன்னால அதைப் பார்க்கணும்.