புதுப்பிப்பு: ஃபுல் ஃபிரேமா, கிராப்பா? முடிவு எடுத்தாச்சு

கிராப் கேமராவிலிருந்து (படம் பதியும் சென்சார் சிறியது) ஃபுல் ஃபிரேமுக்கு (சென்சார் பெரியது) மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நான் எடுப்பது பறவைகள், இரவில் வீட்டுக்குள் அம்மா. வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன், நன்றி!

இரவில் வித்தியாசம் நிஜம். ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு; கூட்டினால் புள்ளிகளும் கூடும்) 6400-இல் அம்மாவின் கண்ணோரச் சுருக்கங்கள் அப்படியே தெரிந்தன. என் கேமராவில் அந்த இடம் புள்ளிபுள்ளியாகக் கலங்கிவிடும். சென்சார் பரப்பு 2 மடங்குக்கும் மேல் அல்லவா?

ஆனால் மீன்கொத்தியில் மனசு உடைந்தது. என் 400 எம்எம் லென்ஸ் கிராப்பில் 600 போல நெருங்கும். ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கம் வர படத்தை வெட்டினால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 11-க்கும் குறைவு. கழுத்து இறகின் மெல்லிய கோடுகளே காணோம்.

அதனால் கேமராவை மாற்றவில்லை. இரவுக்காக 35 எம்எம் எஃப்/1.4 லென்ஸ் வாங்கிவிட்டேன் (எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் ஒளி கூடும்). அதே 35 எம்எம்-இல் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் எஃப்/4.5 தான், இதில் ஏறக்குறைய 10 மடங்கு ஒளி. நேற்றிரவு அம்மாவை ஐஎஸ்ஓ 800-லேயே எடுத்தேன்.