போக்கர் மேசையில் 9,900 சிப்ஸ் கிடக்கும்போது 20,000 பெட்டா?

உட்லண்ட்ஸ் மணியம்:
சனிக்கிழமை இரவு செயலியில் நடந்த நம் போக்கர் லீக் ஆட்டத்தின் கடைசி மேசையைப் பற்றி ஈசூன் தரண் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. "ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு ஃபோல்ட் பண்ணியவருக்கு 40 சதவீதக் கணக்கு தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஃபோல்ட் பண்ணியவன், அதாவது அட்டையைப் போட்டுவிட்டு விலகியவன், நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம்.

நடந்தது இதுதான். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 500/1,000, அதில் பெரியதான பிக் பிளைண்ட் போடுபவர் கூடவே போடும் ஆன்டி 1,000. ஆறு பேர் மிச்சம், முதல் ஐந்து இடத்துக்குத்தான் புள்ளி. நான் டீலர் இடத்திலிருந்து கையில் வந்த ராஜா-ஜாக்கிக்கு 2,200 போட்டேன். பிக் பிளைண்டில் இருந்த தரண் மட்டும் கால், அதாவது அதே அளவு போட்டார். நடுவில் சேர்ந்த பாட் 5,900. ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொது அட்டைகளில், ராஜா, 7, 2. அவர் செக் (பெட் வைக்கவில்லை), நான் 2,000, அவர் கால். 9,900 ஆகிவிட்டது. நான்காவது அட்டையான டர்னில் 3, இரண்டு பேரும் செக். கடைசி அட்டையான ரிவரில் 9. இரண்டு நொடிகூட ஆகவில்லை, தரணின் 20,000 வந்து விழுகிறது. என்னிடம் மிச்சம் இருந்ததே 26,000.

9,900-ஐ எடுக்க 20,000 வைப்பவர் எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். அந்த பெட் மூன்றில் இரண்டு தடவை பலிக்க வேண்டும். 67 சதவீதம். இது ஆட்டமே இல்லை.

ஈசூன் தரண்:
அண்ணே, உங்கள் பெயரைப் போடாதது மரியாதைக்காகத்தான். கணக்கை மறுபடி சொல்கிறேன். நீங்கள் கொடுக்க வேண்டியது 20,000. ஜெயித்தால் வருவது 9,900 + 20,000 + உங்கள் 20,000, மொத்தம் 49,900. 20,000-ஐ 49,900-ஆல் வகுத்தால் 40. பத்தில் நாலு தடவை நீங்கள் ஜெயித்தால் போதும். 67 எங்கிருந்து வந்தது?

உட்லண்ட்ஸ் மணியம்:
20,000-ஐ 29,900-ஆல் வகுத்தால் 66.9. உயர்நிலை இரண்டு படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன், அவளும் 67 என்றுதான் சொன்னாள். 40 என்று நீங்கள் எந்தக் கால்குலேட்டரில் போட்டீர்கள்?

பிடோக் கலா:
மணியம் அண்ணே, தரண் தம்பி, இரண்டு எண்ணும் சரிதான். 67 என்பது புளஃப் அடிப்பவருக்கு. கையில் ஒன்றுமே இல்லாமல் அடித்தால் எதிராளி அத்தனை தடவை ஃபோல்ட் பண்ண வேண்டும். 40 என்பது கால் பண்ணுபவருக்கு. கேள்வியே வேறு வேறு.

உட்லண்ட்ஸ் மணியம்:
கலா, லீக்கை நடத்துபவர் நடுநிலையாக இருப்பது நல்லது. ஆனால் நடுநிலைக்காக இரண்டு பேரும் சரி என்று சொல்லக் கூடாது. 67 என்றால் 67.

தெம்பனிஸ் ரவி:
மணியம் அண்ணன் பழைய காலத்திலேயே இருக்கிறார். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 120,000 கைகள் ஆடி ஜெயித்தது. அவர்களைத் திணறடித்ததில் இந்த மாதிரி பாட்டைத் தாண்டிய பெட்டுகளுக்குப் பெரிய பங்கு. அதற்கு அப்புறம்தான் உலகம் முழுக்க பெரிய பெட் வைக்கப் பழகினார்கள். நம் லீக்கில் ஒருவர் வைத்தால் மட்டும் பைத்தியக்காரத்தனமா?

உட்லண்ட்ஸ் மணியம்:
ரவி, பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அது இருவர் மட்டும் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு கையிலும் இரண்டு பேருக்கும் திரும்ப 20,000 சிப்ஸ், பிளைண்ட் 50/100. தோற்றால் அடுத்த கையில் மறுபடி முழு ஸ்டாக். வெளியேறுவது என்ற பேச்சே இல்லை. நாம் ஆடுவது டோர்னமெண்ட். போன சிப்ஸ் போனதுதான். லிப்ராட்டஸை உருவாக்கிய அதே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் கொண்டுவந்த கிளாடிகோவை ஏன் சொல்லவில்லை? 700 கிடக்கும் இடத்தில் 19,000 வைத்த நிரல் அது. 80,000 கைகளின் முடிவில் மனிதர்களிடம் 730,000-க்கு மேல் தோற்றது. உங்கள் தரண் ஆடியது கிளாடிகோ ஆட்டம்.

ஈசூன் தரண்:
700-க்கு 19,000 என்றால் 27 மடங்கு. நான் வைத்தது 2 மடங்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறீர்களே!

டர்னில் நீங்கள் ஏன் செக் பண்ணினீர்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ராஜா-ஏஸோ, இரண்டு ஜோடியோ, மூன்று 7-களோ இருந்தால் அங்கே பெட் வைத்திருப்பீர்கள். செக் பண்ணியதன் மூலம் "என் கை நடுத்தரம்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் பக்கம் 9-7, மூன்று 2 எல்லாம் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில்தான் பெரிய பெட். ஐந்து தடவையில் மூன்று தடவை நிஜமான கை, இரண்டு தடவை புளஃப். அப்படிக் கலந்தால் நீங்கள் கால் பண்ணினாலும் ஃபோல்ட் பண்ணினாலும் ஒன்றுதான். அந்த ஐந்தில் இரண்டுதான் 40.

உட்லண்ட்ஸ் மணியம்:
ஆக, புளஃப் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், அவரே எழுதிவிட்டார்.

ஈசூன் தரண்:
ஐந்தில் இரண்டு என்றுதான் எழுதினேன். சனிக்கிழமை கையில் என்ன இருந்தது என்று எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

உட்லண்ட்ஸ் மணியம்:
அட்டையைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் விவாதமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளி இரவில் என் வீட்டிலும் இதையே செய்தீர்கள். ஒரே ஒரு அட்டையைக் காட்டிவிட்டு மற்றதைச் சீட்டுக்கட்டுக்குள் சொருகினீர்கள். என் மச்சான் இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஈசூன் தரண்:
கால் பண்ணினால்தான் அட்டை காட்ட வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள விதி. உங்கள் மச்சான் கால் பண்ணவில்லை. நீங்களும் பண்ணவில்லை.

பொங்கோல் இளங்கோ:
ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. மொழியைப் பற்றி இருக்கிறது. "பாட்டைத் தாண்டிய" என்று ரவி எழுதியதைப் படித்ததும் ஏதோ பாடலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். "பாட்டில்" என்று எழுதினால் போத்தல் ஞாபகம் வருகிறது. "குவியல்" என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

தெம்பனிஸ் ரவி:
மேசையில் உட்கார்ந்து "குவியலுக்கு இரண்டு மடங்கு" என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. வாயில் வருகிற சொல்லைத்தான் எழுத முடியும்.

பொங்கோல் இளங்கோ:
யாரும் சொல்லாததால்தான் வாயில் வரவில்லை. பிள்ளைகள் தமிழில் பேசுவதில்லை என்று வருத்தப்படுவது, நாமே இப்படி எழுதுவது.

உட்லண்ட்ஸ் மணியம்:
இளங்கோ, குவியலோ பாட்டோ, அதில் கிடந்தது 9,900. வைத்தது 20,000. 67 சதவீதம். அதை மறக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. நம் செயலியில் மூன்றில் ஒன்று, பாதி, முக்கால், முழுப் பாட் என்று நான்கு பொத்தான்தான் இருக்கின்றன. 20,000 வைக்க வேண்டுமென்றால் விரலால் எண்ணை அடிக்க வேண்டும். இரண்டு நொடியில் அதை அடித்தவர் ரிவர் அட்டை வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். கோபத்தில் ஆடுபவர்தான் அப்படி ஆடுவார். நான் 2004-இலிருந்து ஆடுகிறேன், எனக்குத் தெரியாதா?

தெம்பனிஸ் ரவி:
2004-இலிருந்து ஆடுகிறீர்கள், சரி. 2003-இல் ஒரு கணக்காளர் இணையத் தகுதிச் சுற்று வழியாகப் போய் உலகப் போட்டியில் 25 லட்சம் அமெரிக்க டாலர் ஜெயித்ததைப் பார்த்துத்தான் பாதி உலகமும் ஆட வந்தது. அன்றைக்கு முதல் ரெய்ஸ், அதாவது தொகையை முதலில் உயர்த்துவது, என்றால் பிளைண்டுக்கு மூன்று மடங்கு என்பது வேதவாக்கு. 2.2 மடங்கு போட்டவரைப் புதுசு என்று சிரித்தார்கள். சனிக்கிழமை நீங்கள் போட்டது எவ்வளவு? 1,000 பிளைண்டுக்கு 2,200. உங்களுக்கு வசதியான மாற்றம் மட்டும் முன்னேற்றம், மற்றவர் செய்தால் கோபமா?

உட்லண்ட்ஸ் மணியம்:
2,200-க்குக் காரணம் இருக்கிறது. ஆன்டி நடுவில் கிடப்பதால் சின்ன ரெய்ஸுக்கே லாபம், மாட்டினாலும் சேதம் குறைவு. 20,000-க்கு என்ன காரணம்?

ஜூரோங் கபிலன்:
சும்மா சிப்ஸுக்கு ஆடினால் எல்லோரும் 20,000 வைப்பார்கள். வெளிநாட்டுத் தளத்தில் காசு கட்டி ஆடச் சொல்லுங்கள், தரண் கை நடுங்கும்.

பிடோக் கலா:
கபிலன், அந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாத தளத்தில் காசு வைத்து ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவதற்கு உள்ள விலக்கு இணையத்துக்குக் கிடையாது. அதனால்தான் நம் லீக்கில் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. புள்ளி மட்டும்தான்.

புள்ளி இருப்பதால்தான் சொல்கிறேன். மணியம் அண்ணனின் ஃபோல்ட் தப்பு இல்லை, ஆனால் காரணம் 67 இல்லை. மேசையில் இரண்டு பேரிடம் 5,000-மும் 7,000-மும்தான் இருந்தது. கால் பண்ணித் தோற்றிருந்தால் அண்ணனிடம் 6,000. ஆறாவது ஆளாகப் புள்ளி இல்லாமல் போகும் அபாயம் உடனே வந்துவிடும். ஃபோல்ட் பண்ணினால் 26,000-ஓடு அவர்கள் யாராவது போகும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம். இழக்கும் சிப்ஸுக்கு ஜெயிக்கும் சிப்ஸைவிட மதிப்பு அதிகம். ஆகவே 40 போதாது, அதற்கு மேல் வேண்டும். தரண் தம்பியின் பெட் பலமாக இருந்ததற்கும் அதே காரணம்தான். அவரிடம் 48,000 இருந்தது, தோற்றாலும் 28,000 மிச்சம்.

ஈசூன் தரண்:
நன்றி அக்கா. என் பெட் பலமானது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உட்லண்ட்ஸ் மணியம்:
என் ஃபோல்ட் சரி என்றும் சொல்லியிருக்கிறார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 40 போதாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார். நேற்றிலிருந்து நான் சொல்வதும் அதுதான். 67.

பிடோக் கலா:
அண்ணே, 40-க்கு மேல் என்றால் 67 என்று அர்த்தம் இல்லை.

உட்லண்ட்ஸ் மணியம்:
67 என்பது 40-க்கு மேல்தானே?

ஜூரோங் கபிலன்:
நான் யாரையும் வெளித்தளத்துக்குக் கூப்பிடவில்லை. ஓர் உதாரணம் சொன்னேன். அதற்குச் சட்டப்பாடம் எடுத்தால் எப்படி?

பொங்கோல் இளங்கோ:
கலா அக்கா "அபராதம்", "உரிமம்", "விலக்கு" என்று அழகாக எழுதியிருக்கிறார். "குவியல்" மட்டும் யாருக்கும் வாயில் நுழையவில்லை.

ஈசூன் தரண்:
மணியம் அண்ணே, ஒரே கேள்வி. நான் 5,000 வைத்திருந்தால் கால் பண்ணியிருப்பீர்களா?

உட்லண்ட்ஸ் மணியம்:
5,000 வைத்திருந்தால் யோசிக்காமல் கால். அதை மனிதர் வைக்கும் பெட் என்று சொல்லலாம்.

ஈசூன் தரண்:
அதனால்தான் 20,000.

உட்லண்ட்ஸ் மணியம்:
அட்டையைக் காட்டுங்கள்.

ஈசூன் தரண்:
கால் பண்ணவில்லையே.

உட்லண்ட்ஸ் மணியம்:
வரும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் மேசையில் இருப்பேன். இந்தத் தடவை நீங்கள் எந்த எண்ணை அடித்தாலும் நான் கால். கலா, இரண்டு பேரையும் ஒரே மேசையில் போடுங்கள்.

பிடோக் கலா:
இடத்தைச் செயலிதான் குலுக்கிப் போடுகிறது அண்ணே, நான் இல்லை.

தெம்பனிஸ் ரவி:
எந்த எண்ணுக்கும் கால் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். தரண், புளஃப் மட்டும் அடித்துவிடாதே.