வேலைக்கு வெளிக்கிடேக்க அழுகை வருது, இது ஊர் நினைப்பா?

உவர்மலைப் பொடியன்:
திருகோணமலைல இருந்து வந்து அஞ்சு மாசம். வேலைக்கு வெளிக்கிடேக்க கண் கலங்குது. அங்க போனா மரத்துப்போன மாதிரி. அம்மா கோல் எடுத்தா எரிஞ்சு விழுறன். வேலைய விடட்டா? கெதியா சொல்லுங்க.

நிலாவெளியான்:
விடாதீங்க தம்பி. முதல் வருசம் எல்லாருக்கும் உப்பிடித்தான். விட்டமின் டி குளுசை எடுங்க.

கன்னியா:
எந்த நாடு, என்ன வேலை எண்டே தெரியாது, அதுக்குள்ள குளுசையாம். தம்பி, விட்டிட்டு ஓய்வெடுங்க. உடம்புதான் முக்கியம்.

நிலாவெளியான்:
விட்டா வாடகைய நீங்க கட்டுவீங்களா? ஏஜென்சிக் கடன் வேற.

உப்புவெளி:
வீட்டில முதல் கேள்வியே "எப்ப காசு போடுவா?" தான். இங்க நாலு மணிக்கே இருட்டு. ஆர் கேக்கிறது!

மூதூர் அக்கா:
புலம்பல் போதும். ஊர் நினைப்பெண்டா அம்மாவோட கதைச்சாப்பிறகு மனம் இளகும். தம்பிக்கு அந்தக் கோலே பாரமா இருக்கு. உலக சுகாதார நிறுவனம் வேலைச் சோர்வுக்கு மூண்டு அடையாளம் சொல்லுது: களைப்பு, வேலையில வெறுப்பு அல்லது விலகல், "நான் செய்யிறது ஒண்டும் சரிவருதில்ல" எண்ட நினைப்பு. ரெண்டாவதைத்தான் பலர் கவனிக்கிறதில்ல. பராமரிப்பு வேலையில ஆக்களைப் பேர் சொல்லாம "பன்னிரண்டாம் அறை" எண்டு சொல்லத் தொடங்கினா அதுதான். லீவிலயும், பிடிச்ச சாப்பாட்டிலயும்கூட ரெண்டு கிழமையா சந்தோசமே இல்லையெண்டா மனச்சோர்வாயும் இருக்கலாம். அதை வைத்தியர்தான் பாக்கவேணும். எந்த நாடு?

உவர்மலைப் பொடியன்:
இங்கிலாந்து. முதியோர் இல்லம். கிழமைக்கு ஆறு இரவு, 12 மணித்தியாலம். முதலாளி பொறுப்பெடுத்த ஸ்பொன்சர் விசா. லீவிலயும் படுத்தே கிடக்கிறன். வைத்தியரிட்ட போனா விசா போயிடுமா?

மூதூர் அக்கா:
போகாது. இதை முதலே சொல்லியிருக்கலாம். கிழமைக்கு 72 மணித்தியாலமெண்டா, சராசரியா கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதெண்ட சட்ட எல்லைய விட்டுக்குடுத்துக் கையெழுத்து வச்சிருப்பீங்க. எழுத்தில 7 நாள் அறிவித்தல் குடுத்து அதை ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில அறிவித்தல் காலத்தைக் கூட்டிப் போட்டிருந்தாலும் உச்சம் 3 மாசம். விசாவுக்கு முதலாளி குடுத்த ஸ்பொன்சர் சான்றிதழில உள்ள மணித்தியாலத்துக்குக் கீழ இறங்காதீங்க. வேற ஸ்பொன்சர் இல்லாம ராஜினாமா வேண்டாம், அரசாங்கம் விசாக் காலத்தைச் சுருக்கினா வழமையா 60 நாள்தான் கிடைக்கும்.

ஜிபியிட்ட, அதான் குடும்ப வைத்தியரிட்ட, "களைப்பா இருக்கு" எண்டு மட்டும் சொன்னா ரெண்டு நிமிசத்தில அனுப்பிடுவாங்க. ஒரு கிழமை எழுதுங்க: எத்தின மணித்தியாலம் நித்திரை, எப்ப அழுகை, எப்ப கோபம். சந்திக்க நேரம் எடுக்கேக்கயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்க, இலவசம். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வித் தாள் ஒண்டு தரலாம். கடைசிக் கேள்வி உங்களை நீங்களே காயப்படுத்திற எண்ணம் பற்றினது, அதுக்கு உண்மையச் சொல்லுங்க. இரத்தசோகையும் தைரொயிட்டும் சோதிக்கச் சொல்லுங்க, ரெண்டும் இதே களைப்பைத் தரும். முதல் 7 நாள் நோய் லீவுக்கு வைத்தியக் கடிதம் தேவையில்ல. உங்களைக் காயப்படுத்திற எண்ணம் இப்பவே இருந்தா 111 அடிச்சு 2 அழுத்துங்க. உயிருக்கு ஆபத்தெண்டா 999.

அம்மா விளக்கு வச்சிட்டு ஆறரைக்கு எடுத்தா, மாரில உங்களுக்கு மத்தியானம் 1 மணி, நடு நித்திரை. கோபம் வராம என்ன செய்யும்! வேலை முடிஞ்சு எட்டரைக்கு நீங்களே எடுங்க, ஊரில 2 மணி. பிறகு போனை அமத்தி வையுங்க.

உவர்மலைப் பொடியன்:
ஜிபியிட்ட இன்னும் பதியவே இல்லக்கா. வாடகை ஒப்பந்தம் என்ர பேரில இல்ல.

மூதூர் அக்கா:
விலாசச் சான்று இல்லாமலே பதியலாம். கேட்டாங்களெண்டா அது கட்டாயமில்லை எண்டு சொல்லுங்க. நாளைக்கு நித்திரைக்குப் போக முதல் செய்யுங்க.