மலைக்கோட்டை மேலிருந்து எடுத்த படம் ஏன் பொம்மை ஊர் மாதிரி வரவில்லை?

உறையூர்வாசி:
போன ஞாயிறு காலை உச்சிப்பிள்ளையார் கோயில் வரை ஏறி, தெப்பக்குளத்தையும் அதைச் சுற்றி ஓடும் ஆட்டோக்களையும் எடுத்தேன். டில்ட்-ஷிஃப்ட் படங்களில் ஊரே கொலுவுக்கு முன்னால் போடும் பார்க் மாதிரி தெரியுமே, அதற்குத்தான் ஆசைப்பட்டேன். நிக்கான் டி5600, 50 எம்எம் 1.8 லென்ஸ். லென்ஸ் துவாரத்தை 1.8 வரை முழுசாகத் திறந்து வைத்தும் எதுவுமே மங்கவில்லை. லென்ஸில் கோளாறா? அசல் டில்ட் லென்ஸ் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

பழைய ஃபிலிம்காரன்:
லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. உங்கள் கேமராவில் அந்த லென்ஸை 1.8-இல் வைத்து 70 மீட்டருக்கு அப்பால் எங்கே ஃபோகஸ் செய்தாலும் அடிவானம் வரை கூர்மையாகத்தான் வரும். மலையே சுமார் 83 மீட்டர் உயரம், அப்புறம் எங்கே மங்குவது? அதே லென்ஸில் ஒரு மீட்டர் தள்ளி ஒரு பொம்மை ஆட்டோவை எடுத்துப் பாருங்கள், முன்னும் பின்னும் சேர்த்து 3 சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். அந்த மங்கலை வைத்துத்தான் மூளை 'கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ குட்டிச் சாமான்' என்று ஏமாறுகிறது. டில்ட் லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் (படத்தில் தெளிவாக விழும் தளம்) கூடவே சாயும், அதனால் தூரக் காட்சியிலும் ஒரு பட்டை மட்டும் தெளிவாக நிற்கும். லென்ஸைச் சாய்க்காமல் நகர்த்தும் ஷிஃப்டுக்கு இதில் வேலையே இல்லை, அது கட்டடம் நிமிர்ந்து நிற்பதற்காக. இத்தாலிக்காரர் ஒலிவோ பார்பியேரி ஹெலிகாப்டரில் போய் ரோமையும் லாஸ் வேகாஸையும் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

காவேரிக்கரை:
லென்ஸ் எதற்கு, உங்கள் கேமராவிலேயே மினியேச்சர் எஃபெக்ட் இருக்கிறது. ஆனால் எனக்கு அது பிடிக்காது, கோடு போட்ட மாதிரி மேலும் கீழும் மங்கவைத்துவிடும். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் லூர்து மாதா கோயில் கோபுரம் இருக்கிறதா? அடி தெளிவாகவும் நுனி மங்கலாகவும் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் இரண்டும் கேமராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். கிம்ப்பில் (படம் திருத்தும் இலவச மென்பொருள்) திறந்து, மங்கலாக்கும் லேயருக்கு மாஸ்க், அதாவது எங்கே மங்கக்கூடாது என்று மறைக்கும் திரை போட்டு, கோபுரத்தை அடி முதல் நுனி வரை தெளிவாக விட்டுவிடுங்கள், குளத்து நடுமண்டபத்துக்கும் அப்படியே. (அசல் டில்ட் லென்ஸும் இந்தத் தப்பைச் செய்யும், அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.) நிறத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், வானத்தை வெட்டிவிடுங்கள். இன்னொன்று, பனிமூட்டம் இருந்தால் படம் தேறாது. மேசை மேல் வைத்த பொம்மைக்கும் நமக்கும் நடுவே ஏது மூட்டம்? மழை பெய்து விட்ட மறுநாள் காலை போங்கள்.

தூசிபயம்:
லென்ஸைக் கழற்றிக் கையால் சாய்த்துப் பிடி என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். நிக்கானில் கழற்றினால் தூரம் ஃபோகஸே ஆகாது, உங்கள் லென்ஸ் ஜி வகை (துவாரத்தைத் திருப்பும் வளையம் இல்லாதது) என்றால் துவாரமும் சுருங்கிவிடும். நான் செய்து பார்த்ததில் மிஞ்சியது சென்சார் நிறையத் தூசிதான்.

உறையூர்வாசி:
பழைய படத்தையே எடுத்து மாஸ்க் போட்டேன், இரண்டு மணி நேரம் ஆனது. ஆட்டோ எல்லாம் கடையில் வாங்கியது மாதிரியே இருக்கிறது! ஒரு மொட்டை மாடியில் காயும் சேலை மட்டும் மடிப்பு மடிப்பாக நிஜமாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கிறது. அதை என்ன செய்ய?

காவேரிக்கரை:
அந்த மாடியையும் சேர்த்து மங்கலுக்குள் தள்ளுங்கள்.