கற்பூர மரக் கட்டுரை: எது ஆதாரம், எது என் கருத்து?

குன்னூர் மாணவி:
"கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நீலகிரியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டது, அகற்ற வேண்டும்" என்று கட்டுரையைத் தொடங்கினேன். பேராசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் "யார் அளந்தது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதற்குமா ஆதாரம்?

கோத்தகிரி அக்கா:
இதற்குத்தான்மா வேண்டும். உறிஞ்சியது என்பது அளக்கக்கூடியது, அகற்ற வேண்டும் என்பது நீ வாதாட வேண்டியது, இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிட்டாய். ஊட்டிப் பக்கம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் (மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்புகள்) இரண்டை வைத்து அளந்திருக்கிறார்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதன் பரப்பில் 59 சதவீதத்தில், புல்வெளியாக இருந்த இடத்தில், கற்பூர மரம் நட்டதும், முதல் பத்தாண்டில் ஓடைக்கு வந்த நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. அதைப் போடு.

ஊட்டிக்காரன்:
அது புல்வெளியோடு ஒப்பிட்டது, சோலையோடு (மலைப் பள்ளங்களில் உள்ள இயற்கைக் காடு) அல்ல. அதனால் "நீலகிரி முழுக்க" என்று நீட்டாதீர்கள். அப்புறம், விறகுக்கும் தைலத்துக்கும் இந்த மரத்தை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தை மறைத்தால் படிப்பவர் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

குன்னூர் மாணவி:
சரிங்க அக்கா, அண்ணா. முதல் வரி இப்போது: "கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் வந்ததும் ஓடை நீர் குறைந்தது, ஆகவே அகற்றுவதைப் புல்வெளிகளில் தொடங்கலாம்." தைலம் காய்ச்சுபவர்கள் பகுதியை இன்று இரவு எழுதுகிறேன்.